ஏர்கூல்டு 911-க்கு எந்த ஹெட் ஸ்டட்? முதலில் கேஸைப் பாருங்கள்

சிலிண்டரின் தலைமூடியான ஹெட்டை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும் நீள மரைக்கம்பிதான் ஹெட் ஸ்டட். அதை மாற்றப் போகிறோம் என்றதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானது எது?" போர்ஷே 911-இன் பழைய ஏர்கூல்டு (காற்றால் குளிரும்) எஞ்சினுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. சாலையில் ஓடும் 911-இல் இழுவை தாங்காமல் ஸ்டட் நீண்டு ஹெட் தூக்கிக்கொண்டது என்பது அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு இரண்டு. ஒன்று, ஸ்டட் முழுசாக இருக்க, அது பிடித்திருந்த மரை கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்படைக் கூடு, சுருக்கமாக கேஸ்) உருவிக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று, ஸ்டட்டில் அரிப்பு ஏறி, ஒருநாள் டக்கென்று முறிந்துவிடும். முதல் கோளாறுக்கு அதிக பலமுள்ள ஸ்டட் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம். இரண்டாவதற்கோ உலோகத்தின் தன்மைதான் பதில்; டன் கணக்கு இல்லை.

இந்த எஞ்சினில் பிளாக் என்று ஒன்று கிடையாது. இரண்டாகப் பிளந்த கிராங்க்கேஸ், இருபுறமும் மும்மூன்று சிலிண்டர்கள் படுத்தவாக்கில். ஒவ்வொரு சிலிண்டரும் தனி பேரல், ஒவ்வொன்றுக்கும் தனி ஹெட். பேரலையும் ஹெட்டையும் சேர்த்துக் கேஸோடு அழுத்திப் பிடிப்பவை நான்கு நீள ஸ்டட்கள். ஆக மொத்தம் 24. அடி மரை கேஸுக்குள் போகும், நடுத்தண்டு பேரலின் துடுப்புகளை ஒட்டிக் காற்றில் கிடக்கும், தலையில் 10 மி.மீ. ஆலன் சாவி போடும் உருளை நட் உட்காரும். ஸ்டட் இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் வெப்ப விரிவு இங்கே பெரிய விஷயமாகிறது.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நட்டுக்கும் கேஸுக்கும் நடுவே 150 மி.மீ. அலுமினியம் இருப்பதாகவும், எல்லாமே 100 டிகிரி செல்சியஸ் சூடேறுவதாகவும் வைத்துக்கொள்வோம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் விரியும். சாதாரண எஃகு சுமார் 12 மைக்ரான்தான். எனவே அலுமினியம் 0.35 மி.மீ. வளரும்போது ஸ்டட் 0.18 மி.மீ. மட்டுமே வளரும். மீதி 0.17 மி.மீ.யை ஸ்டட் இழுபட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். தண்டு 8 மி.மீ. தடிமன் என்றால் அந்த இழுவை ஏறத்தாழ 1.2 டன். குளிர்ந்த எஞ்சினில் 32 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (திருகு விசையில்) எம்10 நட்டை, அதாவது 10 மி.மீ. மரையுள்ள நட்டை, முறுக்கினால் ஏற்கெனவே 1.6 டன் அளவுக்கு இறுக்கம் இருக்கும். ஆக, சூடானதும் ஒவ்வொரு ஸ்டட்டும் கேஸின் மரையை 2.8 டன்னில் இழுக்கிறது. அலுமினியமும் சற்று அமுங்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் போக்கு இதுதான்.

இதே கணக்கில் தண்டை 10 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். கூடுதல் இழுவை 1.2 டன்னிலிருந்து 1.8 டன்னைத் தாண்டிவிடும். தடித்த ஸ்டட் விறைப்பானது, நீள மறுக்கும், மறுக்கிற அளவுக்கு அடி மரையை வாட்டும். இன்னொரு பக்கம், 10.9 என்ற உயர்பலத் தர எஃகில் 8 மி.மீ. தண்டே 4 டன்னுக்கு மேல் நிரந்தரமாக நீளாமல் தாங்கும். அதாவது பலம் ஏற்கெனவே மிச்சமாகத்தான் இருக்கிறது. பற்றாக்குறை மரையில்தான்.

கேஸ் எந்த உலோகம்?

911-இன் முதல் எஞ்சின்களுக்கு அலுமினிய கேஸ். 1968 முதல் 1977 வரை, எடையைக் குறைக்க மெக்னீசியம். 1975-இல் வந்த டர்போவும், அடுத்து வந்த 3.0 கரேராவும் அலுமினியத்துக்குத் திரும்பின. 1978-இல் எஸ்சி என்ற 911 மாடல் வந்த பிறகு எல்லாமே அலுமினியம்தான்.

மெக்னீசியம் லேசானது, ஆனால் மிருதுவானது. சூட்டில் நீண்டநேரம் இழுபட்டால் மெல்ல மெல்ல இடம் கொடுத்துவிடும். 2 லிட்டர் காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. எஞ்சின் சிறியது, பேரலில் வார்ப்பிரும்பு கலந்திருந்ததால் விரிவும் குறைவு. 2.7 லிட்டர் வந்ததும் சிலிண்டர் துளை 90 மி.மீ. ஆனது, பேரல் முழு அலுமினியம். 1975 முதல் 1977 வரை அமெரிக்காவுக்குப் போன பல வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக தெர்மல் ரியாக்டர் (எரியாத புகையை எக்ஸாஸ்டிலேயே எரிக்கும் அறை) மாட்டினார்கள். அது எக்ஸாஸ்ட் சூட்டை ஹெட்டுக்கு அடியிலேயே தேக்கியது. 2.7-க்கு "மரை உருவும் எஞ்சின்" என்ற கெட்ட பெயர் இப்படித்தான் வந்தது.

இதற்கு போர்ஷே கண்ட தீர்வுதான் டிலவார். எஃகைவிட அதிகமாக விரியும் கலப்புலோகம். அலுமினியத்தோடு கூடவே வளரும் என்பது எண்ணம். எஸ்சியில் கீழ் வரிசை 12, அதாவது சூடு அதிகமுள்ள எக்ஸாஸ்ட் பக்கம், டிலவார். மேல் வரிசை 12 சாதாரண எஃகு. கணக்கின்படி பார்த்தால் அழகான யோசனைதான்.

டிலவார்

நடைமுறையில் அது அரிப்பில் தோற்றது. கீழ் வரிசை என்பது ரோட்டுத் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பு எல்லாம் தெறிக்கும் இடம். மேற்பரப்பில் கடுகளவு குழி விழுந்தால் போதும். எப்போதும் இழுவையிலேயே நிற்கும் உலோகத்தில் அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஓடும்போதுதான் முறியும் என்றுகூட இல்லை. நிறுத்தி வைத்த வண்டியில் இரவில் முறிந்த ஸ்டட்களும் உண்டு. ஒரு ஸ்டட் போன பிறகும் எஞ்சின் பல நேரம் வழக்கம்போலவே ஓடும். வால்வ் அட்ஜஸ்ட் செய்யக் கீழ் வால்வ் கவரைக் கழற்றும்போது நட்டோடு சேர்ந்த முறிந்த துண்டு கையில் வந்து விழுந்தால்தான் விஷயமே தெரியும். பழைய எஸ்சி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அந்தக் கவரைக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

பிறகு கறுப்புப் பூச்சு போட்ட டிலவார் வந்தது. அதற்கும் பிறகு முழு நீளத்துக்கும் மரை வெட்டிய வடிவம் வந்தது. மரை முடியும் இடத்தில் அழுத்தம் குவிவதைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. இரண்டும் முதல் வகையைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பூச்சு என்பது கீறாத வரைக்கும்தான். பேரலை ஸ்டட் வழியே இறக்கும்போது ஒரு துடுப்பு உரசினால் போதும், பழைய கதை ஆரம்பமாகிவிடும். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பெரும் செலவில் கட்டும்போது, உடைந்ததாகப் பெயரெடுத்த உலோகத்தையே அதன் பூச்சை நம்பித் திரும்பப் போடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தொழிற்சாலையில் இருந்தபடியே வண்டி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அது சரி.

உங்கள் எஞ்சினில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு காந்தம் போதும். எஃகில் ஒட்டும், டிலவாரில் ஒட்டாது. முன்பே யாராவது பிரித்துக் கட்டிய எஞ்சின் என்றால் 24-லும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே சிலிண்டரில் மூன்று ஒட்டி ஒன்று ஒட்டாத கூத்தும் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஏ286 என்ற உயர்ரகக் கலப்புலோகத்திலும் காந்தம் ஒட்டாது. "ஒட்டவில்லை, அதனால் டிலவார்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

சாதாரண எஃகு

24-க்கும் தொழிற்சாலை ரக எஃகு ஸ்டட் போடுவது பழைய வழி. டிலவார் வருமுன் எல்லா 911-களும் அப்படித்தான் ஓடின. எஸ்சியிலும் 3.2 கரேராவிலும் கீழ் வரிசை டிலவாரை எடுத்துவிட்டு எஃகு போட்டவர்கள் ஏராளம். "போர்ஷேவே எக்ஸாஸ்ட் பக்கம் எஃகு வேண்டாம் என்றார்களே, நாம் போட்டால் மரை உருவாதா?" என்று கேட்கலாம். அந்தப் பயம் மெக்னீசியத்தில் பிறந்தது. எஸ்சியின் கேஸ் அலுமினியம்; நான் மேலே சொன்ன 2.8 டன்னை அதன் மரை தாங்கும். தாங்குகிறது என்பதற்கு அதே கேஸின் மேல் வரிசையில் பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கும் எஃகு ஸ்டட்களே சாட்சி.

பழைய எஃகு ஸ்டட்டையே மறுபடி பயன்படுத்தலாமா? மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷில் போய்விடும், பயன்படுத்தலாம். துருவைத் துடைத்த பிறகு நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் தூக்கிப் போடுங்கள். நட் ஏறும் மரையில் நட்டைக் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். எங்காவது இறுகினால் அந்த ஸ்டட்டும் வேண்டாம். நல்ல ஸ்டட்டைக் கழற்றாமல் விடுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. கழற்றும்போதுதான் கேஸ் மரை அதிகம் சேதமாகிறது. அடி மரையில் பூசிய பசை பழசாகிக் கல்லாக இறுகியிருக்கும். ஸ்டட்டைச் சுற்றிக் கேஸை டார்ச்சால் நன்றாகச் சூடாக்கிய பிறகே திருக வேண்டும். சூடாக்காமல் பலத்தைக் காட்டினால் ஸ்டட் கேஸ் மட்டத்தில் முறியும். அப்புறம் அதன் மீது நட்டை வெல்டு செய்து எடுப்பதா, டிரில் போட்டு எடுப்பதா என்று நாள்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். மெக்னீசியம் கேஸ் அருகே டார்ச் பிடிப்பவர்கள் சீவல், தூள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மெக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

உயர்பல ஸ்டட்கள்

ஏஆர்பி, ரேஸ்வேர், சூப்பர்டெக் என்று பல கம்பெனிப் பெயர்கள். இவற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இழுவை பலத்தை ஒப்பிடுகிறார்கள். ஏஆர்பியின் 8740 குரோம்மோலி எஃகு சதுர அங்குலத்துக்கு 1,80,000 பவுண்டு, ஏஆர்பி2000 என்றால் 2,20,000 என்று எண்கள் பறக்கும். அந்த எண்கள் உண்மைதான். ஆனால் சாலை வண்டிக்கு அவற்றால் ஆவது என்ன என்பதுதான் கேள்வி. எந்த எஃகானாலும் விறைப்பும் விரிவும் கிட்டத்தட்ட ஒன்றே. பலம் கூடுவதால் சூட்டில் அதன் இழுவை குறைவதில்லை. ஸ்டட் முறியும் எல்லை மட்டும் தள்ளிப்போகும். 95 மி.மீ. துளையுள்ள 3.0 எஞ்சினில் உச்ச அழுத்தம் 70 பார் என்று கொண்டால் ஹெட்டைத் தள்ளும் விசை சுமார் 5 டன், ஸ்டட்டுக்கு ஒன்றேகால் டன். குளிரிலேயே 1.6 டன் இறுக்கம் இருக்கிறது. டர்போ வைத்து அழுத்தத்தை 100 பாருக்குக் கொண்டுபோனால் அந்த ஒன்றேகால் 1.8 ஆகிவிடும், அப்போது முன்னிறுக்கத்தை (குளிரில் முறுக்கும்போதே வைக்கும் இறுக்கத்தை) கூட்டியாக வேண்டும், அதற்கு உயர்பல ஸ்டட் வேண்டும், அதைத் தாங்கும் அலுமினிய கேஸும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இவற்றுக்குக் கொடுக்கும் காசு வேலை செய்கிறது.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயங்கள் பாருங்கள். ஒன்று, தண்டு. மரையைவிட நடுத்தண்டு மெலிந்திருக்கும் ஸ்டட் நீண்டு கொடுக்கும்; முழுக்க ஒரே தடிமனில் வருவது விறைத்துக்கொண்டு நிற்கும். எடையில் கனமாக, கையில் எடுத்தாலே மதிப்பு தோன்றும்படி இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். இன்னொன்று, மரை. உருட்டி எடுத்த மரையா, வெட்டி எடுத்ததா? பூதக்கண்ணாடி வைத்து மரையின் அடிப்பள்ளத்தைப் பாருங்கள். உருட்டியது வழவழவென்று பளபளக்கும். வெட்டியதில் கருவி இழுத்த வரிகளும் கிழிசலும் தெரியும். திரும்பத் திரும்ப இழுபட்டு வரும் சோர்வு முறிவு தொடங்குவது அந்தப் பள்ளத்தில்தான்.

எச்11 என்ற கருவி எஃகில் செய்தவையும் கிடைக்கும். பலம் அபாரம். ஆனால் அரிப்புக்கும் ஹைட்ரஜன் நொறுங்கலுக்கும் (உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை உடையவிடுவது) அது இலகுவில் இரையாகும். டிலவாரிடமிருந்து தப்பிக்க நினைத்து அதே வகைக் கோளாறுக்குள் போய் விழுவானேன்?

ஏ286 இதற்கு எதிர்ப்பக்கம். துருப்பிடிக்காது, விரிவு மீட்டருக்கு, டிகிரிக்கு 16 மைக்ரானுக்கு மேல், எனவே நம் கணக்கின் கூடுதல் இழுவை 1.2 டன்னிலிருந்து முக்கால் டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். டிலவார் செய்ய நினைத்ததில் பாதியை அரிப்புப் பயமில்லாமல் செய்கிறது. விலைதான் மலைக்க வைக்கும். உங்கள் எஞ்சினின் அளவுக்குச் செட்டாகக் கிடைத்து, கையிலும் காசு இருந்தால் நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதுவே.

டைட்டானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் விரிவு எஃகைவிடக் குறைவு என்பதால் பலரும் எடுத்தவுடனே ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அதன் விறைப்பு எஃகில் பாதிதான். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சூட்டில் கூடும் இழுவை எஃகைவிடக் குறைவாகவே வருகிறது. மரையில் எளிதில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நான் போடமாட்டேன். காகிதத்தில் மட்டும் சுவாரசியம்.

ஆகவே எந்த எஞ்சினுக்கு எது?

மெக்னீசிய கேஸ் என்றால், ஸ்டட்டைவிட இன்சர்ட்டுக்கு (கேஸில் பதித்து, ஸ்டட் ஏறப் புது மரை தரும் உருளை) முதலிடம். பழைய மரையைத் துளைத்துப் பெரிதாக்கி, கெட்டியான எஃகு புஷ் வகை இன்சர்ட்டை 24 இடத்திலும் போடுங்கள். உருவிய மரைக்கு மட்டும் போதும் என்று மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒன்று உருவியிருந்தால் மற்றவையும் அதே சூட்டையும் அதே இழுவையையும் பட்டவைதான். கம்பிச் சுருள் ரகமும் வேலை செய்யும், ஆனால் ஸ்டட்டை மறுபடி கழற்றும்போது சுருள் கூடவே வந்துவிடும் வாய்ப்பு உண்டு; எனவே என் ஓட்டு புஷ் ரகத்துக்கே. துளை கேஸ் முகத்துக்குச் செங்குத்தாக விழ வேண்டும். கை டிரில்லில் இதைச் செய்யக் கூடாது. ஜிக் (டிரில்லை நேராகப் பிடித்து வழிநடத்தும் சட்டம்) வைத்திருக்கும் பட்டறைக்கே அனுப்புங்கள். அந்த இன்சர்ட் மீது மெலிந்த தண்டுள்ள சாதாரண எஃகு ஸ்டட். தடித்த உயர்பல ஸ்டட் இந்த கேஸுக்கு வேண்டவே வேண்டாம்.

எஸ்சி, 3.2 கரேரா: டிலவார் 12-ம் வெளியே. முறியாமல் நிற்பதையும் எடுத்துவிடுங்கள். மேல் வரிசை எஃகு சோதனையில் தேறினால் அப்படியே விடலாம், கீழ் வரிசைக்குப் புது எஃகு. வண்டியை வருடம் முழுக்க மழையிலும் உப்பு ரோட்டிலும் ஓட்டுபவர்கள் கீழ் வரிசைக்குத் துரு தாங்கும் பூச்சுள்ளதைத் தேடுங்கள். வேறு உலோகங்களை ஒரே வரிசையில் கலக்காதீர்கள். ஒரு வரிசை முழுக்க ஒன்று, அடுத்த வரிசை முழுக்க இன்னொன்று என்றால் பரவாயில்லை, தொழிற்சாலையே அப்படிச் செய்ததுதான்.

2.0, 2.2 போன்ற ஆரம்பகால எஞ்சின்களை அதே பேரலோடு கட்டுவதாக இருந்தால் நல்ல நிலையிலுள்ள பழைய எஃகே போதும். துளையைப் பெரிதாக்கி அலுமினியப் பேரல் போடுகிறீர்கள் என்றால் அதை 2.7 என்றே நினைத்து இன்சர்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். டர்போவுக்கும் கம்ப்ரஷன் ஏற்றிய ரேஸ் எஞ்சினுக்கும்தான் உயர்பல செட்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், டார்க் எண் ஸ்டட்டோடு சேர்ந்து வருவது என்பதை மறக்க வேண்டாம். தொழிற்சாலை ஸ்டட்டுக்கான 32 நியூட்டன் மீட்டரை, வழுக்கும் பேஸ்ட் தடவிய வேறு கம்பெனி ஸ்டட்டில் போட்டால் இறுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடலாம். மெக்னீசியத்தில் அது ஒன்றே மரையை உருவப் போதுமானது. செட்டோடு வரும் தாளில் எந்த லூப்ரிகன்ட், எத்தனை டார்க் என்று இருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். நட்டின் மரைக்கு மட்டுமல்ல, வாஷரைத் தொடும் முகத்துக்கும் தடவ வேண்டும். உராய்வில் பெரும்பங்கு அங்கேதான். 964 என்ற பிந்தைய 911 தலைமுறையிலிருந்து போர்ஷே 20 நியூட்டன் மீட்டர் வைத்துவிட்டு மேலும் 90 டிகிரி திருகும் முறைக்கு மாறியது இந்த உராய்வுக் குழப்பத்தைக் குறைக்கத்தான்; அந்த முறையை அதற்கென்று செய்யாத ஸ்டட்டில் முயலாதீர்கள். ஸ்டட் கேஸிலிருந்து எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்ற உயரம் வேலைக் கையேட்டில் இருக்கும். பசை காய்வதற்குள் 24-ஐயும் அளந்துவிடுங்கள். குறுக்கு வரிசையில் இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால், கேம் ஹவுசிங் உட்காரும் மூன்று ஹெட்களில் ஒன்று மட்டம் தப்பியிருக்கிறது. நட்டைத் தளர்த்திவிட்டு, பேரல்களின் உயரத்தை அளப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.